மணையில் உட்கார மாட்டேன் என்ற தாய்

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது இது. என் மூத்த மகளின் கல்யாணம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்போது மண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. பெண்களின் உடம்பைப் பற்றி ஓர் ஆண் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால், என் பிள்ளைகளிடம் பேசுவது போலவே எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் என் மனைவிக்கு மாதவிலக்கு நின்றுபோனது. வயது நாற்பத்தாறோ ஏழோ இருக்கும். அதுவரை என்னைவிட இளமையாகத் தெரிந்தவள், சில மாதங்களிலேயே வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டாள். தலை வாரினால் சீப்போடு கொத்தாக முடி வந்தது. கன்னம் வற்றி, தோல் காய்ந்து, கழுத்தில் சுருக்கம் விழுந்தது. சாப்பாடு குறைந்தது, ஆனால் வயிறு மட்டும் பெருத்தது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் சிவந்து, உடம்பு கொதித்து, ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். பக்கத்தில் இருக்கிற நமக்கோ காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருக்கும். அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு சவுரி முடி வாங்கி, கைத்தடவலிலேயே கொண்டை போட்டுக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையும் பவுடர் பூசிய முகமும் கருகருவென்ற தலையுமாக வந்து உட்கார்ந்தார். என் மனைவிதான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"பொண்ணோட அம்மா எங்க? பாவம், பாட்டியே அல்லா வேலையும் பாத்துகினு கீறாங்களே!"

என் மனைவி சிரித்துக்கொண்டே, "நான்தாங்க அம்மா" என்றாள். அந்த அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். சம்பந்தம் நல்லபடியாகவே முடிவானது. ஆனால் அவர்கள் போனதும் என் மனைவி என்னிடம் சொன்னாள்:

"தார வாக்க நான் உக்கார மாட்டேன். உங்க தம்பியும் அவன் பொண்டாட்டியும் உக்காரட்டும்."

பிள்ளைகளே, தாரை வார்ப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். முகூர்த்தத்தில் அப்பா மணையில் உட்கார்ந்து மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைப்பார். அம்மா சொம்பிலிருந்து அதன்மேல் தண்ணீர் விடுவாள். பெண்ணைக் கொடுத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பெற்றவர்களில் ஒருவர் இல்லாத வீட்டில்தான் சித்தப்பா, பெரியப்பா ஜோடியாக உட்காருவார்கள். தாய் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறொருத்தி சொம்பைத் தூக்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். மகள் அழுதாள். "சித்தி தண்ணி ஊத்தினா அப்ப நான் யார் பொண்ணு?" என்றாள்.

"ஓமத்துப் பக்கத்துல உக்காந்தா எனக்கு அந்தச் சூடு வரும்டி. குங்குமம் மூக்குல வழியும். சவுரி நழுவும். அத்தன பேரு எதிர்ல உனுக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லி என் மனைவி அந்தப் பேச்சையே முடித்துவிட்டாள்.

கடைசியாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த நர்ஸம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, தலை பூராவும் நரை.

"இதுக்கு ஊசி எதுனா கீதாம்மா? கல்யாணத்துக்குள்ள மூஞ்சி பழையபடி ஆவணும்" என்றாள் என் மனைவி.

"அப்டி ஒரு ஊசி இருந்தா நான் மொதல்ல போட்டுக்க மாட்டேனா?" என்று நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். பெண்ணின் உடம்புக்குள் சுரக்கிற ஒன்று இந்த வயதில் குறைந்துவிடுகிறதாம். தோலை மென்மையாகவும் முடியை அடர்த்தியாகவும் எலும்பைப் பலமாகவும் வைத்திருந்ததில் அதற்கும் பங்கு உண்டாம். அது குறையும்போது இதெல்லாம் மாறத்தான் செய்யும். சிலருக்கு மெதுவாக, சிலருக்கு வேகமாக. நோய் இல்லை, யார் செய்த தப்பும் இல்லை. கீரை, கேழ்வரகு, பால் சேர்த்துக்கொள், நன்றாக நட, சூடு வந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகம் தெளிந்திருந்தது. நான் மெதுவாக ஆரம்பித்தேன்: "நோவு இல்லன்னு சொல்லிட்டாங்களே, அப்ப உக்காரலாம்தானே?"

"நோவு இல்லன்னு நெத்தில எழுதி ஒட்டிக்கினா உக்காரணும்?" என்றாள்.

கல்யாண நாளும் வந்தது. என் தம்பியும் புதுப் புடவை கட்டிய அவன் மனைவியும் மணையில் உட்கார்ந்தார்கள்; நான் பக்கத்தில் நின்றேன். ஐயர் மந்திரம் சொல்லி, "பொண்ணு கையைக் கொடுங்கோ" என்றார். மகள் கையை இறுக்க மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா வரட்டும்" என்றாள்.

சபையில் சலசலப்பு. "முகூர்த்தம் தாண்டிடப் போறது" என்றார் ஐயர். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "இன்னாய்யா இது? பொண்ணுக்கு இஷ்டம் இல்லியா?" என்று குரலை உயர்த்தினார். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சமையல்கட்டுக்குப் பின்னால் ஓடினேன்.

அவள் குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சூடு வந்திருந்தது. சவுரி கழன்று சேற்றில் கிடந்தது. சேதி எனக்கு முன்பே அவளுக்குப் போய்விட்டிருந்தது.

"கைய மூடிக்கினாளா?" என்றாள்.

"ஆமா."

மிச்சமிருந்த முடியை எலுமிச்சை அளவுக்கு முடிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கொஞ்சம் குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டாள். "நடங்க. எம் பொண்ண நான்தான் குடுப்பேன்" என்றாள்.

அவள் வருவதைப் பார்த்ததும் என் தம்பி எழுந்து ஒதுங்கினான். அவன் மனைவியும் பட்டென்று எழுந்து, "வாக்கா, நீயே ஊத்து" என்று சொம்பை நீட்டினாள். நானும் என் மனைவியும் மணையில் உட்கார்ந்தோம். மகள் கையைத் திறந்தாள்.

சொம்பைச் சாய்க்கப் போகும்போது அவள் பயந்தது போலவே ஆனது. ஓமத்தின் அனலில் மறுபடியும் சூடு கிளம்பியது. முகம் செக்கச்செவேலென்று ஆகி, வியர்வையோடு குங்குமம் மூக்கின் மேல் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "பாட்டிக்கு மயக்கம் போல கீது, வேற யாருனா உக்காருங்க."

என் மனைவி எழுந்து ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, சபையை நிமிர்ந்து பார்த்து, சத்தமாகவே சொன்னாள்:

"பாட்டி இல்லம்மா, பொண்ணப் பெத்தவ. மயக்கமும் இல்ல, இந்த வயசுல வர்ற சூடு. ஏன், அந்தப் பக்கம் யாருக்கும் வர்லியா இன்னா?"

எங்கிருந்தோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்தார். இன்னொருத்தர், "வராம இன்னா, ராவெல்லாம் தூக்கமே இல்ல" என்றார். பெண்கள் பக்கம் பூராவும் சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விசிறியோடு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா!

"தள்ளுங்க, தள்ளுங்க. சம்மந்தி, எனக்கும் ஒரு வருஷமா இதே கூத்துதான். இந்தப் பட்டுப் பொடவைக்குள்ள ஆறு ஓடிகினு கீது. தலைக்குச் சாயம், மூஞ்சிக்குப் பவுடர்னு நானும் மறைச்சி மறைச்சிப் பாக்கறேன், முடியல!" என்று சொல்லிவிட்டு, என் மனைவிக்குப் பின்னால் நின்று விசிற ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவள் சபையில் கையைக்கூட அசைக்க மாட்டாள். பெண் வீட்டார்தான் ஓடி ஓடி உபசரிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் பெண்ணின் தாய்க்கு நின்றுகொண்டு விசிறியதை எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"உங்களுக்கும் ரெண்டு வீசிக்குங்க சம்மந்தி" என்று சொல்லி என் மனைவி முகத்தைத் துடைத்தாள். குங்குமம் மொத்தமாக அழிந்துபோனது. அந்த அம்மா குனிந்து தன் நெற்றியிலிருந்தே விரலால் தொட்டு அவளுக்கு வைத்துவிட்டார். மகளின் கையை நான் மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். என் மனைவி சொம்பைச் சாய்த்தாள். கெட்டிமேளம் முழங்கியது. என் விரல்மேல் சில சொட்டுகள் தெறித்தன. அதில் சொம்புத் தண்ணீர் எது, அவள் வியர்வை எது என்று எனக்குத் தெரியாது.

கொட்டிய முடி அதன் பிறகும் திரும்பி வரவில்லை, கன்னமும் பழையபடி ஆகவில்லை. ஆனாலும் அன்று முதல் எந்த விசேஷத்திலும் அவள் பின்கட்டில் நின்று நான் பார்த்ததில்லை. உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் மாறட்டும், பெற்றவளின் இடம் பெற்றவளுடையதுதான் என்பதை வழிகிற வியர்வையோடு உட்கார்ந்து அவள் நிலைநாட்டியதை நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருஷம் கழிந்தும் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.