சுக்கான் என் காலடியில்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடற்கரை விடுதி ஒன்றில் படகு ஓட்டும் வேலையில் இருந்தார். விரிசல் விட்டதென்று அங்கே கழித்துப்போட்ட இரட்டை ஆள் கயாக் படகு ஒன்றை எண்ணூருக்குக் கொண்டுவந்து, ஒட்டுப்போட்டு, கழிமுகத்தில் இறக்கினார். முன்னால் அமர்ந்து அவர் துடுப்பு போடுவார். பின்னால் நான். என் காலடியில் இரண்டு மிதிகள். வலதை அமுக்கினால் வால்பக்கத்துச் சுக்கான் திரும்பிப் படகு வலப்பக்கம் போகும். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இல்லையென்று எனக்கு நினைப்பு.

அப்பா கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். ஒருநாள் போனவர் மறுநாள் காலைவரை வரவில்லை. குடித்துவிட்டு அக்கரைக் கொட்டகையில் படுத்துவிடுவது அவர் வழக்கம் என்பதால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிப்போன அந்தப் பக்கம் இன்ஜின் படகு தரைதட்டும்.

"வா பாப்பா, நாமளே போய் உங்கப்பன இட்டுகினு வந்துடலாம்" என்றார் மாமா.

கொட்டகையில் அப்பா இல்லை. திரும்பும்போது கண்டல் செடிகளுக்கு அருகில் மாமா சட்டென்று துடுப்பை நிறுத்தினார்.

"சுக்கான்ல இன்னாமோ மாட்டிகினு கீது. திரும்பி அத்தயே பாரு."

பார்த்தேன். "ஒண்ணியும் இல்லியே மாமா."

"கீது. நல்லா பாரு."

படகு ஆடியது. செடிகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்போ என் முதுகத்தான் பாக்கணும். பின்னால திரும்புன, கவுந்துடுவோம். வலது கால அமுக்கு" என்றார்.

அவர் மேலே சட்டை இல்லை. முதுகு நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். ஒரு தடவைகூடத் திரும்பாமல், கோடு போட்டதுபோல் கரைவரை ஓட்டிவந்தேன்.

அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். "அப்பா அங்க இல்லம்மா. முழுக்க நான்தான் திருப்பிகினு வந்தேன்" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாள்; அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் நான்கு பேர் போய் அப்பாவைத் தூக்கிவந்தார்கள். இடம் தெரிவதற்காக மாமா தன் சட்டையைச் செடியில் கட்டிவிட்டு வந்திருந்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் மாமாவைக் கேட்டேன், காலையில் நாம் ஏன் அப்பாவைப் பார்க்கவில்லை என்று.

"என் தப்புதான் பாப்பா. நா சரியா தேடல" என்றார்.

அந்தத் தப்பை நான் மன்னிக்கவில்லை. இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவரும் ஒருநாள்கூட வேறு விதமாகச் சொல்லவில்லை.