ஐந்து நிமிடத்திற்கு ஒரு கேள்வி

கிரிவலப் பாதையில் உள்ள எங்கள் சேவைக் குழுவின் அறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதன் கருந்திரையில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு வரிகள் தோன்றும். ‘இருக்கிறாயா?’ என்பது முதல் வரி. ‘இருக்கிறேன்’ என்பது அடுத்தது. கேட்பது எங்கள் கணினியில் ஓடும் நிரல். விடை சொல்வது எங்கோ தொலைவிலிருந்து எங்களுக்காகப் பெயர்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம். ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவ்வரிகளை எனக்காகத் தமிழில் எழுதி வைத்தவர் என் மைத்துனர், என் மனைவியின் தம்பி. அவர் மறைந்து ஏழு பௌர்ணமிகள் கடந்துவிட்டன. கேள்வியும் விடையும் நிற்கவில்லை.

பௌர்ணமியன்று மலை சுற்ற வரும் பெருங்கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்டவர்களை மீண்டும் சேர்த்து வைப்பதுதான் எங்கள் குழுவின் பணி. பாதையில் மூன்று இடங்களில் மேசை போட்டு அமர்வோம். ஒரு மேசையில் எழுதும் பெயர் மற்ற மேசைகளிலும் தெரிந்தாக வேண்டும். சென்னையில் பல ஆண்டுகள் கணினி வேலை பார்த்து, மனைவியை இழந்தபின் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டித் தனியே குடிவந்த மைத்துனர் அதற்கென ஒரு நிரல் எழுதித் தந்தார். பௌர்ணமி நண்பகலில் வந்து அதைத் தொடங்குவார். மறுநாள் அணைத்துவிட்டுப் போவார். நெடுநாள் அது ஒரு குறையுமின்றி நடந்தது.

குழுவுக்குச் சொந்தமாக ஓர் அறை அமைந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல நாள் பார்த்து, திரைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, ஒரு பதிகம் முழுதும் பாடி முடித்த பிறகு கணினியை இயக்கும்படி மைத்துனரிடம் சொன்னேன்.

“இனிமே இத அணைக்கக் கூடாது மாப்ள. ஏத்துன விளக்கு, எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்.”

“விளக்குன்னா திரி தூண்டணும் மாமா. இத யாரு தூண்டுவா?”

“அண்ணாமலையார் பாத்துப்பாரு.”

“அவருக்கு கம்ப்யூட்டர் வருமா?” என்று சிரித்துவிட்டு, நான் சொன்னபடியே செய்தார்.

அடுத்த பௌர்ணமியில், அந்த அறையின் முதல் பெயராக வந்தவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர். மகனோடு வந்தவர், கூட்டத்தில் பிரிந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவர் பெயரைத் தட்டச்சு செய்தோம். திரையில் ‘பதிவானது’ என்று வந்தது. நான் மனநிறைவோடு அவரைப் பெஞ்சில் அமர்த்தி மோர் கொடுத்தேன். அவருக்குப் பின் வந்த நால்வரையும் தேடி ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்திருந்தார். வெயில் மலைக்குப் பின்னே இறங்கியபோது, “எம் புள்ள என்ன வுட்டுட்டுப் போயிட்டான் போலக் கீது” என்றார். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அதே பிற்பகலில் அவர் மகன் அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் மேசையில் நான்கு முறை கேட்டிருக்கிறார். நான்கு முறையும் அப்படி ஒரு பெயர் இல்லை என்ற விடையே கிடைத்திருக்கிறது. கடைசியில் அங்கிருந்த தொண்டர் ஒருவர், மகனின் கைபேசியிலிருந்த தாயின் படத்தை எங்களுக்கு அனுப்பியதால்தான் அவர்கள் சேர்ந்தார்கள். மகனைக் கண்டதும் அந்த அம்மாள் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தேடுனியாடா?” என்று மட்டும் கேட்டார். “நாலு வாட்டி கேட்டேம்மா. நீ இல்லன்னுட்டாங்க” என்றார் மகன்.

மறுநாள் காலை, எல்லார் முன்னிலையிலும் மைத்துனரைக் கடிந்துகொண்டேன். “உம் பொட்டி பொய் சொல்லுது மாப்ள. ஒரு வயசானவங்கள பொழுது சாயற வரைக்கும் தவிக்க வுட்டுடுச்சு.” அவர் திரையின் முன் அமர்ந்தார். நண்பகல் தாண்டிய பிறகே எழுந்து வந்து விளக்கினார். நிரல் தொடங்கும்போது தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பைத் திறக்கிறது. வெகுநேரம் பேச்சின்றிக் கிடக்கும் இணைப்பைத் தரவுத்தளம் தானே அறுத்துவிடும். பேசாதவர்களுக்கெல்லாம் இடம் பிடித்து வைத்தால் புதிதாக வருபவர்க்கு இடமிராது. அறுபட்ட செய்தி நிரலுக்குத் தெரிவதில்லை. ஒரு மாத மௌனத்துக்குப் பிறகு, பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பி முதல் பெயரை அதன்வழி அனுப்பியிருக்கிறது. அந்தப் பெயர் எங்கும் போய்ச் சேரவில்லை. பிறகு புதிய இணைப்பைத் திறந்துகொண்டதால் இரண்டாம் பெயரிலிருந்து எல்லாம் ஒழுங்காயின. பதில் வருமுன்னே ‘பதிவானது’ என்று காட்டும்படி எழுதியது தன் பிழை என்றார். பௌர்ணமிதோறும் புதிதாகத் தொடங்கிய காலத்தில் அந்தப் பிழை வெளிப்பட வழியே இல்லை. அணைக்கக் கூடாது என்றவன் நான். அதை அவர் அன்று சொல்லவில்லை. பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

“அறுக்கற நேரத்தக் கொஞ்சம் நீட்டச் சொல்லேன்” என்று கேட்டேன். “எவ்ளோ நீட்டுனாலும் அதுக்கு மேல ஒரு நாள் சும்மா இருந்துடுவோம் மாமா. நாமதான் அப்பப்போ கேட்டுக்கணும்” என்றார். அப்படித்தான் ஐந்து நிமிடக் கேள்வி பிறந்தது. அதோடு, எந்தப் பெயரை அனுப்புமுன்னும் நிரல் ஒருமுறை கேட்கும். விடை இல்லையேல் அந்த இணைப்பைக் கைவிட்டுப் புதியதைத் திறந்து, அதே பெயரை மறுபடி அனுப்பும். சேர்ந்தது என்ற விடை வரும்வரை ‘பதிவானது’ என்று சொல்லாது. அதுவும் போதாதென்று, நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தம் வீட்டிலிருந்தே அதை ஒருமுறை பார்த்துவிடுவார். அப்போது திரையில் ‘வேங்கிக்கால்: பார்த்தேன்’ என்று ஒரு வரி விழும்.

என் மனைவி இருந்தவரை நாள்தோறும் தம்பியோடு தொலைபேசியில் பேசுவாள்; அவர் சேதி அவள் வழியாகவே எனக்கு வரும். அவள் போனபிறகு நான் அவரைப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு அழைப்பது, மேசை வேலையைப் பேசுவது என்று சுருங்கிவிட்டது. ஒருமுறை அவர் சொன்னார்: “அக்கா போனதுலருந்து நெலா பாத்துத்தான் கூப்புடுறீங்க மாமா. நடுவுல ஒரு வாட்டி சும்மா கேளுங்க.” நான் சிரித்தேன். “உனக்கென்ன மாப்ள, எங்க போயிடப் போற” என்றேன்.

அந்த மாதமும் வழக்கம்போல இரண்டு நாள் முன்பு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பிற்பகலில் ஆட்டோ பிடித்துப் போனபோது வீட்டில் நோயாய்க் கிடந்த அவரைப் பக்கத்து வீட்டார் காலையில்தான் கண்டு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். “ஒம்போது நாளா ஆளே வெளிய வரல சார். உங்க வூட்டுக்கு வந்திருப்பாருன்னு நெனச்சுட்டோம்” என்றார் அந்த வீட்டு அம்மாள். நான் மருத்துவமனைக்குப் போனபோது அவருக்கு நினைவு இல்லை. பௌர்ணமியன்று காலை பிரிந்தார். அன்று பிற்பகல் எங்கள் மேசையில் முதல் பெயர் ஒழுங்காகப் பதிவானது.

காரியங்கள் முடிந்தபின் ஒருநாள் அந்தத் திரையைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தேன். ‘வேங்கிக்கால்: பார்த்தேன்’ என்ற வரி அந்தப் பௌர்ணமிக்கு முன்பே, அவர் படுத்த நாளில், நின்றிருந்தது. அந்நாட்களில் ஒவ்வொரு காலையும் நான் அதே திரைக்கு எதிரே விளக்கேற்றி நின்று பதிகம் பாடியிருக்கிறேன். அந்தப் பதிகங்களை இயற்றிய அடியார்கள் பாட்டுக்குப் பாட்டு இறைவன் பெயரைச் சொல்லி அழைக்காமல் முடித்ததில்லை. அவன் போய்விடுவான் என்ற அச்சத்தாலா அழைத்தார்கள்? அழைப்பதே உறவு என்று அறிந்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் அதைப் பாடிய நான், ஒன்பது காலைகள் விடுபட்ட ஒரு வரியைக் காணவில்லை.

இப்போதும் விடியலில் விளக்கேற்றியதும் கணினியின் முன் அமர்கிறேன். ஆறு மணி ஆகிறது. வேங்கிக்கால் வரி விழும் இடம் வெறுமையாக இருக்கிறது. சற்றுப் பொறுத்து, அவர் எழுதி வைத்தபடியே, ‘இருக்கிறாயா?’ என்று திரை கேட்கிறது.