எங்களுக்குத் தோட்டம் இருந்ததாம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்றேன், ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் ரப்பர் மரம்தான் என் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நான் இப்போது இருப்பது செந்தூலில், கடைசி மகன் பாலனின் கொண்டோ வீட்டில். போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் அவர்களுக்காகத் திராட்சை கழுவிக்கொண்டிருந்தேன். பாசாரில் வாங்கி இரண்டு நாள் ஆன பழம், காம்புப் பக்கம் கனிந்து லேசாகப் புளித்த வாடை. ஹாலில் ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாஸ், இது எங்க எடுத்தது? உங்க அம்மா செம ஜாலியா இருக்காங்களே!"

"பிரான்ஸ்ல. திராட்சைத் தோட்டத்துல. அம்மாவுக்குத் தோட்டம்னா உயிர் லா. அப்பா எஸ்டேட் மேனேஜ்மெண்ட்ல இருந்தாரு, அதான்."

நான் குழாயை மூடினேன். இன்னும் ஏதாவது சொல்வான் என்று நின்றேன். பேச்சு கார் விலைக்குப் போய்விட்டது.

புளிப்பு வாடை என்றேன் அல்லவா? பிரான்சில் அந்தத் திராட்சைத் தோட்டத்து வீட்டு அம்மா எங்களைத் தரைக்குக் கீழே குகை மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய பெரிய மரப் பீப்பாய்கள், உள்ளே திராட்சைச்சாறு ஊறுகிறது. மற்றவர்கள் எல்லாம் மூச்சை இழுத்து "ஆகா, ஆகா" என்றார்கள். எனக்கோ எங்கள் தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோர் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. பால் புளித்தாலும் அப்படித்தான், மூக்கில் குத்தும். துணியில் ஒட்டினால் போகாது. ரப்பர் பால் நாறினால் நாற்றம், திராட்சை நாறினால் வாசனை. யார் மூக்கு என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

பாலனுக்கு அந்த வாடை சின்ன வயதிலேயே ஆகாது. காஜாங்கில் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த புதிதில், பக்கத்தில் உட்காரும் பையன்கள் மூக்கைப் பிடித்துக் காட்டினார்களாம். வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கல்லில் அடிப்பான். அவன் அப்பா கொல்லையில் நின்று பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தன் வேலைத்துணியை மகன் சட்டை காயும் கயிற்றில் போடாமல் தனியாக வேலியில் போட ஆரம்பித்தார். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் பயணம் மூன்று வருஷத்துக்கு முன்னால். பாலன், மருமகள், பேத்தி யாழினி, நான். ஊர் பெயர் என் வாயில் நுழையவில்லை. குன்றும் சரிவுமாகப் போகிற இடமெல்லாம் திராட்சைக் கொடி. ஒரு நாள் சைக்கிள் விட்டார்கள், ஒரு நாள் மேட்டில் இருக்கும் பழைய கோட்டையைப் பார்த்தார்கள். கோட்டைப் படி ஏற முடியாமல் நான் கீழே உட்கார்ந்து, அங்கே சுற்றிய பூனையோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் பதில் சொன்னது. அந்த ஊரில் என்னை மதித்துப் பேசிய முதல் ஆள் அதுதான்.

மூன்றாம் நாள் திராட்சை பறிக்கும் விளையாட்டு. ஆம், விளையாட்டுத்தான். காசு கட்டினால் உங்களுக்கு ஒரு ஏப்ரன், ஒரு கூடை, ஒரு கத்தரிக்கோல் கொடுத்து வேலை செய்ய விடுகிறார்கள்! எல்லாரும் ஒரு குலை வெட்டுவதும் பத்துப் படம் எடுப்பதுமாக இருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து அவரவர் மர நிரைக்குப் போவோமே, கங்காணி அப்போது எங்களிடம் டிக்கெட் வசூலித்திருந்தால் பணக்காரனாகியிருப்பான்.

அடுத்த சரிவில் வேறு ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துணி கட்டிய பெண்கள், கறுத்த ஆண்கள். நிமிராமல் வேலை. வண்டி நிழலில் சிலர் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

"அங்க போய்ப் பாப்போமா?" என்று யாழினியைக் கேட்டேன். அவள் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"அது டூர்ல இல்லையாம் பாட்டி."

நான் கையை உயர்த்திக் காட்டினேன். அங்கே ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தாள், கையைத் தூக்கினாள், மறுபடி குனிந்துவிட்டாள்.

பிறகு ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். அந்தக் காலத்து வேலைக்காரர்களின் கூடை, கத்தி, முதுகில் சுமக்கிற மரத்தொட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு. கூலி ஆட்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் கண்ணாடிக்குள். நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என் பால் வாளியும் அதைத் தோளில் தூக்கிய காண்டாக் கம்பும் எங்கே? வாளியைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். கம்பை விறகாக்கினேன்.

மதியம் மரத்தடியில் நீள மேசை போட்டுச் சாப்பாடு. அந்த வீட்டு அம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும், வெள்ளைத் தலை, நல்ல சிரிப்பு. என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பாலன் இங்கிலீஷில் பதில் சொன்னான். 'ஃபாதர்' என்றான், 'ரப்பர் எஸ்டேட்' என்றான். அந்தம்மா சட்டென்று எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து, மேசைத் தலைமாட்டில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

யாழினி அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை. என் காதோரம் வந்தாள்.

"பாட்டி, நம்ப தாத்தாவுக்கு சொந்த எஸ்டேட் இருந்துச்சாம்."

"எங்கடி?"

"தெரியல. ஆனா பெரிசாம். அப்பா சொன்னாரு."

நான் பாலனைப் பார்த்தேன். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளையைத்தான் ரப்பர் மரத்துக்கு மரம் சேலைத்தூளி கட்டித் தூங்க வைத்தோம். கொசு கடிக்கிறது என்று அவன் அப்பா பட்டையில் காய்ந்த பாலைக் கொளுத்தி, புகையைத் தூளிப் பக்கம் விசிறிவிட்டு, அப்புறம்தான் அடுத்த மரத்துக்குப் போவார். அந்த மனுஷனுக்குச் செத்த பிறகு எஸ்டேட் கொடுக்கிறான் மகன்.

நான் எழுந்து நின்றேன். எனக்கும் தொரை காலத்து இங்கிலீஷ் நாலு வார்த்தை தெரியும்.

"நோ மேடம். மீ கூலி. ஹஸ்பண்ட் கூலி. ரப்பர் கட், கட்!"

கையில் கத்தி பிடித்துப் பட்டையைச் சீவுகிற மாதிரி காற்றில் சீவிக்காட்டினேன். அந்தம்மா பாலனைப் பார்த்தார். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அம்மாவுக்கு ஜோக் அடிப்பது ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னானாம். அவ்வளவுதான், மேசையே சிரித்தது. அந்தம்மாவும் என்னைப் போலவே காற்றைச் சீவி, "கட், கட்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிளாசைத் தூக்கி எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

ஹாலில் மாட்டியிருக்கிறதே, அதே படம்தான். தூக்கிய கையோடு நான், சுற்றிலும் சிரிக்கிற வாய்கள்.

மறுநாள் ஆற்றில் படகு விட்டார்கள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பாலன் துடுப்போடு வந்து நின்றான்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? நாலு பேர் முன்னால கூலி, கூலின்னு... எனக்கு எப்படி இருக்கும்?"

"உங்கப்பாவுக்கு எப்படிடா இருக்கும்?"

"அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு லா. அவருக்கு இனிமே என்னம்மா?"

"துடுப்பைத் தலைகீழாப் புடிச்சிருக்க, திருப்பு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சின்ன வயதில் பட்ட வெட்கம் எனக்குத் தெரியாதது அல்ல. மூக்கைப் பிடித்த பையன்களை இன்றைக்கும் திட்டுகிறேன். ஆனால் அந்தப் பையன்கள் கூட அவன் அப்பாவை இல்லாமல் ஆக்கவில்லை. வெளியூரில் சொன்ன பொய் வெளியூரோடு போகும் என்று மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அது செந்தூலுக்கே வந்து, என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் கழுவிய திராட்சையைத் தின்கிறது.

டெங்கில் பக்கம் எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அகலமான ரோடும் ஏரியும் இருக்கின்றன. லயத்து வீடுகள் இல்லை, ஸ்டோர் இல்லை, பெரட்டுக்களம் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. கோயிலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், சாமி போனது, கூட்டம் போகவில்லை. அங்கே ஒரு மனுஷன் முப்பத்தைந்து வருஷம் மரம் சீவினார் என்பதற்கு ஒரு கல் இல்லை, ஒரு விளக்கு இல்லை. அவர் பெற்ற பிள்ளைதான் இருந்தான். அவனும் இல்லை என்கிறான்.

அவர் பெயர் முனியாண்டி. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவதும் இதுதான் முதல் தரம். பால்வெட்டுக் கூலி. நல்ல மனுஷன்.

யாழினி, இங்க வா கண்ணு. பாட்டி எழுதினத வாசிச்சுக் காட்டு. ரூம்ல வேணாம், ஹாலுக்குப் போவோம். உங்கப்பா அங்கதான இருக்கான்? டிவிய அடைக்கச் சொல்லு. உக்காந்து, நிதானமா, சத்தமா வாசி.