வலி வரும் வரை

எங்கள் அண்ணியிடம் யாராவது "சும்மா லேசா வலிக்குது" என்று சொன்னால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "லேசான்னா எவ்வளவு? பத்துக்கு எத்தனை?" என்று மடக்குவாள். பிசியோதெரபி படித்தவள். பழைய சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று கட்டில், நடுவில் திரைச்சீலை, சுவரில் ஒரு கயிறும் கப்பியும். அவளுடைய கிளினிக் அவ்வளவுதான். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது நான், அவள் கணவனின் தங்கை. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'வாயாடி'தான்.

வாயாடி நான் என்றால் அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டு வரும் பெயிண்டரிடம், "ஏணிய நகர்த்த சோம்பேறித்தனப்பட்டு கழுத்த நகர்த்துறீங்க, அதுக்கு நான் மருந்து தரணுமா?" என்பாள். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் தலைவலி என்று வந்தாள். அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தோள் என்னம்மா தோடா, காதுல தொங்குறதுக்கு? கீழ இறக்கு. மூச்ச மெதுவா விடு. இன்னும் மெதுவா" என்றாள். மூன்றாவது மூச்சில் அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். அண்ணி ஒத்தடப் பையைச் சூடாக்கி அவள் கழுத்தில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

எல்லோரிடமும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவாள். "என் கை எங்க நிக்கணும்னு உங்க வலிதான் எனக்குச் சொல்லணும். பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்தீங்கன்னா நான் குருடி."

என் அண்ணன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான்கு மாதம் முன்பு, பஞ்சரான பஸ்ஸுக்கு ஸ்டெப்னியைத் தூக்கும்போது வலது தோளில் ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாம். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. லீவு, அதன்மேல் லீவு, மூன்றாவது லீவும் அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு டிப்போ டாக்டரிடம் பிசியோவின் ரிப்போர்ட்டோடு நிற்க வேண்டும். வண்டி ஓட்டலாம் என்று இருந்தால் ஸ்டீயரிங். இல்லாவிட்டால் நிரந்தரமாக டைம் ஆபீஸ் நாற்காலி. "பஸ் ஓட்டுனவன் பஸ் போற நேரத்த எழுதிக்கிட்டு உக்காரணுமா? அதுக்கு நான் செத்துடலாம்" என்று அண்ணன் வீட்டில் கத்தாத நாள் இல்லை.

ஆனால் கடைசிப் பத்து நாளாக அவன் கை மளமளவென்று மேலே போனது. முதலில் தோள்மட்டம், பிறகு காது, பிறகு தலைக்கு மேலே. "வலி?" என்று அண்ணி கேட்டால், "ரெண்டு. இல்ல, ஒண்ணரை" என்று சிரிப்பான். அண்ணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் கைராசி என்று நினைத்தாள், பாவம்.

அதன் ரகசியம் எனக்குத் தெரியும். மாத்திரை வாங்கிக் கொடுத்ததே நான்தான். "தாங்க முடியாத அன்னைக்கு மட்டும் ஒண்ணு" என்று டாக்டர் எழுதித் தந்ததை, பிசியோவுக்கு முன்னால் தினமும் இரண்டாக முழுங்கிக்கொண்டிருந்தான். "அவகிட்ட மூச்சு விட்டேன்னா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தான். வலி மாத்திரைதானே, விஷமா என்று நானும் சும்மா இருந்தேன். ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய் இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

லீவின் அந்தக் கடைசி நாள், மதியம் மூன்று மணிக்கு அவனைக் கட்டிலில் படுக்க வைத்து, அண்ணி அவன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். திரை சரியாக மூடவில்லை, எனக்குத் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம் போகட்டுமா? நாளைக்கு டாக்டர் முழுசாத் தூக்கச் சொல்வார்."

"போ, போ. கைய உன்கிட்ட குடுத்தாச்சுல்ல, டாக்டரம்மா."

அண்ணி இடது கையால் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் தன் எடையைக் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் பார்க்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி, நிறுத்துங்க! அண்ணன் மாத்திரை போட்டிருக்கு!"

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, குழந்தையைக் கிடத்துவதுபோல், அவன் கையை மெல்ல இறக்கி வயிற்றின்மேல் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

அண்ணன் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். நான்தான் சொன்னேன். "பத்து நாளா. தினமும் ரெண்டு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னைக்கு எப்பப் போட்டீங்க?"

"ஒரு மணிக்கு."

"அப்ப ஆறு மணி வரைக்கும் உக்காருவோம். மருந்து இறங்கட்டும்."

மற்றவர்களுக்குப் போன் போட்டு வேறு நாள் சொன்னேன். மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். கட்டிய கணவனுக்கு எப்போது வலிக்கும் என்று ஒரு பெண்டாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டேன். கீழே சாமான் கடையில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாலரை மணிக்கு அண்ணன், "ஃபிட்டுனு எழுதிட்டுப் போயேன்டி. பெண்டாட்டியா நீ, டிப்போ ஆளா?" என்றான். ஐந்து மணிக்கு அவன் இடது கை தானாக வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டது. ஐந்தரைக்குப் பேச்சு நின்றது. நாற்காலியில் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தான், எந்தப் பக்கமும் சரிப்படவில்லை. அவன் வாயால் சொல்லாததை எல்லாம் உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு அண்ணி எழுந்தாள். "நீங்களே தூக்குங்க. நான் தொட மாட்டேன்."

கை தோள்மட்டத்துக்கு வந்தது. அதற்குமேல் போகவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லி, மணிக்கட்டின்மேல் இரண்டே விரலை வைத்து அழுத்தினாள். கை பொத்தென்று விழுந்தது. பஸ்ஸைத் திருப்புகிற கை.

"இதுல ஸ்டெப்னி கிழிச்சது எவ்வளவு, பத்து நாளா நான் இழுத்துக் கிழிச்சது எவ்வளவுன்னு எனக்குத் தெரியல" என்றாள் அண்ணி. "மறுபடி ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். தெரியாமப் பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? என் கைதானே."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தன் வேலையைக் காப்பாற்ற அவளை ஏமாற்றினோம் என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் கையாலேயே தன்னைக் கிழிக்க வைத்தோம் என்பது அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

அவள் ரிப்போர்ட் தாளை எடுத்தாள். கோணம் தொண்ணூறு என்று எழுதினாள், பலம் மிகக் குறைவு என்று எழுதினாள். அந்தத் தாளில் 'நோயாளி கூறுவது' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அவளே கேட்டு நிரப்புவாள். அன்று பேனாவை அவனிடம் நீட்டினாள். "இத நான் எழுதல. நீங்க சொன்னதத்தான் பத்து நாளா எழுதினேன். இனி உங்க கையெழுத்துல இருக்கட்டும்."

அவன் 'வலி இல்லை' என்று எழுதலாம். வண்டி ஓட்டியே தீருவேன் என்று டாக்டரிடம் சண்டை பிடிக்கலாம், சங்கத்து ஆட்களைக் கூட்டிப் போகலாம். அதற்கெல்லாம் அஞ்சுகிறவன் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினான். எழுதியதும் தாளை என் பக்கம் தள்ளினான்.

'வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒரு ஆள் குறுக்கே வந்தால் என்னால் வண்டியைத் திருப்ப முடியாது.'

கீழே கையெழுத்தும் போட்டிருந்தான். நான் படித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள், மடித்தாள், கவரில் வைத்தாள். மேசை விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

"வலிக்குதுடி" என்றான் அண்ணன். "ரொம்ப வலிக்குது."

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் 'வலிக்குதா?' என்று கேட்கிறவள், கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.