நூற்றுக்கு ஐந்து கொசுறு

என் தங்கையின் கணவர் மக்பூல் 1983-ல் பழவேற்காட்டில் கம்பெனி ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சென்னையில் ஒரு ரேடியோ கடையில் பத்து வருஷம் சால்டரிங் பிடித்த மனிதர். வீட்டுக்கு வீடு டி.வி. வரப்போகிறது, டி.வி. வந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும், ஸ்டெபிலைசருக்குள் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதை நான் சுற்றித் தருவேன் என்றார். ஊரில் பாதி வீட்டில் லைட்டே கிடையாது என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபம் எல்லாம் எங்கள் குடும்பத்தில் என் பங்குக்கு வந்துவிட்டது.

வீட்டின் முன்னறைதான் கம்பெனி. கையால் சுற்றும் இரண்டு மெஷின், ஒரு மீட்டர், செப்புக் கம்பி உருளைகள். நான் போஸ்ட் ஆபீசில் குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் 'ஆட்கள் தேவை, பத்தாவது பாஸ்' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். வந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், போனார்கள். கம்பியை அறுக்காமல் சுற்ற ஒருவருக்கு இரண்டு மாதம் ஆகும். மூன்றாவது மாதம் அவர் பொன்னேரி பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்து மீஞ்சூரிலோ சென்னையிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பார். மெட்ராஸ் கம்பெனிகளுக்கு மக்பூல் இலவசப் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று நான் கிண்டல் செய்தேன்.

அந்த நேரத்தில்தான் தோணிரேவுப் பக்கத்திலிருந்து நாகம்மாள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் பஜாரில் விற்பதும் அவள்தான். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கால் முழுக்கப் புண். இனி ஏரியில் இறங்கினால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

"உக்காந்து செய்ற வேலைன்னாங்க பாய். அதான் வந்தேன்."

"எத்தினியாவது படிச்ச?" என்று நான் கேட்டேன்.

"எண்ணத் தெரியும்" என்றாள்.

மக்பூல் ஒரு முழம் கம்பியை அவளிடம் கொடுத்தார். தலைமுடி மாதிரி மெல்லியது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்க உரிஞ்சிருக்கு" என்றாள். கம்பியின் மேல்பூச்சு அங்கே ஊசிமுனை அளவுக்குப் போயிருந்தது. பத்தாவது பாஸ் செய்த யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. அன்றே வேலை கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. என் அட்டைக்கு என்ன மரியாதை?

அடுத்த மாதம் அம்பத்தூரில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனி, மாதிரிக்கு முப்பது டிரான்ஸ்பார்மர் கேட்டது. அது கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். உள் சுற்றை மக்பூலே சுற்றினார். வெளிச்சுற்றை நாகம்மாளும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்குப் பத்தாகச் சுற்றினார்கள். மீட்டர் அந்த வாரம் பார்த்து ரிப்பேர். ஒவ்வொன்றிலும் சுற்றியவர் பெயரை ஒட்டி, அளந்து பார்க்காமலே அனுப்பினார்கள்.

பதில் வந்தது. நான்தான் படித்தேன். இருநூற்றிருபது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாகம்மாள் சுற்றியதில் இருநூற்று முப்பத்தொன்று. எண்ணத் தெரியாத ஆளை நீக்கிவிட்டு எழுதுங்கள், பிறகு பார்க்கலாம் என்று முடித்திருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன். இன்னிக்கே அனுப்பிடுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். உள்ளே அவள் மெஷின் நின்றது.

மக்பூல் கடிதத்தை வாங்கி எண்களை மறுபடி பார்த்தார். மற்ற இருவருடையதும் இருநூற்றுப் பத்து, இருநூற்று இருபத்தைந்து, இருநூற்றுப் பதினாறு என்று தாறுமாறாக இருந்தன. "மச்சான், இந்தம்மாது பத்தும் ஒரே நம்பர். தப்பு இப்டி அச்சு மாதிரி வருமா?" என்றவர் அவளைக் கூப்பிட்டார்.

"நூறு சுத்து எப்டி எண்றே, நாகம்மா?"

"நூறு எண்ணுவேன். அப்பால கொசுறு அஞ்சு."

"கொசுறா?"

"இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கறீங்க? கூறு கட்டி இறால் வித்தா, மேல நாலு அள்ளிப் போடாம குடுப்பமா? புதுசா வாங்கறவங்க. வெறும் நூறு குடுத்தா மறுபடி நம்மகிட்ட வருவாங்களா?"

மக்பூல் சிரித்த சிரிப்பில் என் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நாகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வேலய விட்டு எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இல்ல. கரண்டுக்குக் கொசுறு ஆவாது. சுத்து ஏறுனா வோல்ட்டும் ஏறிடும். நூறுன்னா நூறு."

யாரையும் நீக்கப் போவதில்லை என்று எழுதி, அவள் மட்டுமே வெளிச்சுற்றுச் சுற்றிய முப்பதை மறுபடி அனுப்பினார். பைத்தியக்காரத்தனம் என்று நான் சொன்னேன். முப்பதும் தேறின. ஆர்டர் வந்தது. அதன்பின் மக்பூல் என் அட்டையைக் கழற்றிவிட்டு, ஆள் எடுக்கும் வேலையை நாகம்மாளிடமே கொடுத்துவிட்டார். அவள் எடுத்த பெண்கள் யாரும் ரயில் ஏறவில்லை. 1986-ல் பதினோரு பேர் வேலை செய்தார்கள்.

அந்த வருஷம் என் மகள் கைருன் பத்தாவது முடித்தாள். மாமா கம்பெனியில் வேலை வேண்டும் என்று பிடிவாதம். மக்பூலிடம் கேட்டேன். "அது நாகம்மா பாக்கற விசயம் மச்சான்" என்று நழுவினார். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் மகளை அழைத்துக்கொண்டு போனேன்.

நாகம்மாள் கம்பியைக் கொடுத்து, கண்ணை மூடச் சொன்னாள். கைருன் இரண்டு தடவை தடவி இடத்தைச் சொன்னாள்.

"நல்ல கை. நாளைக்கே வரட்டும் பாய்."

நான் அசடு மாதிரி நின்றேன். "அன்னிக்கி நான் உன்னை..." என்று ஆரம்பித்தேன்.

"என்னிய அனுப்பச் சொன்னீங்க. கேட்டுதான இருந்தேன்" என்றாள், கம்பியை உருளையில் சுற்றிக்கொண்டே. "அதுக்கு இந்தப் பொண்ணு கை இன்னா பண்ணும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.