மலையைப் பார்த்து நின்ற வண்டி

அருணாதேவிக்குப் பாம்பென்றால்கூட அவ்வளவு பயமில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற அந்தச் சின்னச் சிவப்பு விளக்கென்றால்தான் குலை நடுங்கும். "ஆயில் விளக்கு எரிஞ்சா அங்கயே ஆஃப் பண்ணிடுக்கா. ஆசைப்பட்டு ஓட்டுனா இன்ஜின் போச்சு" என்று மெக்கானிக் சக்கரவர்த்தி முதல் நாளே சொல்லியிருந்தான்.

ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பதினோரு வருஷம் ஓடிய காரை வாங்கியதே கணவன் ராஜாவுக்காகத்தான். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை வேலூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிற மனுஷன். பஸ்ஸில் இடிபட அவரால் ஆகாது. அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடிந்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பாள். மேல் கோடு வரை நனைந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் காபி தொண்டையில் இறங்கும்.

அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். போளூர் தாண்டியதும் விளக்கு எரிந்தது.

புளியமரத்தடியில் ஒதுக்கி, சாவியைத் திருப்பி அணைத்தாள். பின் சீட்டில் ராஜா வீங்கிய காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். போன முறை மழையில் போக முடியாமல் போனதால் உடம்பெல்லாம் நீர் ஏறி, மூச்சு இரைத்தது.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா மரத்தடியில நிறுத்துனே?"

சக்கரவர்த்தியைப் போனில் பிடித்தாள். "காத்தால பார்த்தேன் தம்பி, ஃபுல்லா இருந்துச்சு!"

"எங்க வச்சுப் பார்த்தே?"

"வாசல்லதான். மலையைப் பார்த்து நிறுத்தி."

மலைக்கு முதுகு காட்டி அந்தச் சந்தில் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. வண்டிக்கும் தரிசனம் வேண்டாமா?

"அய்யோ அக்கா! உங்க சந்து மலைப் பக்கம் மேடாச்சே. மூக்கு தூக்கிட்டு நின்னா ஆயில் பூரா பின்னால கம்பிகிட்ட சேந்துக்கும். கம்மியா இருந்தாலும் ஃபுல்லுனுதான் காட்டும். இப்ப தரை சமமா இருக்கா? பத்து நிமிஷம் விட்டுப் பாரு."

பத்து நிமிஷம் பத்து யுகமாகப் போனது. கம்பியை உருவினாள். நுனியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறை, அவ்வளவுதான்.

டிக்கியில் ஒரு டப்பா ஆயில் இருந்தது. முந்தானையைச் சுற்றி இன்ஜினின் சூடான மூடியைத் திருகி, கொஞ்சம் ஊற்றுவதும் அளப்பதுமாக நின்றாள். பாதி கையிலேயே வழிந்தது.

"எனக்கு நீர் ஜாஸ்தி, அதுக்கு எண்ணெய் கம்மி. நல்ல ஜோடி" என்றார் ராஜா.

"வாயை மூடுங்க. மூச்சை வீணாக்காதீங்க."

"ஸ்டார்ட் பண்ணு" என்றான் போனில் சக்கரவர்த்தி. "மூணு எண்றதுக்குள்ள விளக்கு அணைஞ்சா போ. அணையலைன்னா தொடாதே, நூத்தியெட்டுக்கு அடி."

சாவியில் கை வைத்தவளுக்குத் திருப்ப மனம் வரவில்லை. உள்ளே ஏற்கெனவே வெந்து போயிருந்தால்?

"திருப்பு அருணா. எனக்கு நெஞ்சை அடைக்குது."

திருப்பினாள். ஒன்று. இரண்டு. விளக்கு அணைந்தது.

வேலூர் வரைக்கும் ரோட்டைப் பார்த்தது பாதி, அணைந்த விளக்கைப் பார்த்தது பாதி. ஆஸ்பத்திரி வாசலில் ராஜாவை நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே போகக் காலெடுத்தாள். இரண்டடி வைத்துவிட்டு வண்டிக்கே திரும்பினாள். முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவள், வாய்விட்டு அழுதாள்.

"இங்க உக்காரக் கூடாதும்மா" என்றார் காவலாளி.

"உக்காந்துட்டேங்க" என்றாள்.