பெட்ரோலா, டீசலா

எங்கள் வீட்டு அம்பாசிடர் ஓடி நான் பார்த்ததில்லை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி அது நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன. அதை மறுபடி ஓட வைத்தே தீருவது என்று சித்தப்பா கிளம்பிய வருஷம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

டவுனிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்ஜின்தான் இறுகிவிட்டது என்றார். பழைய பெட்ரோல் இன்ஜினையே பிரித்து பிஸ்டன் மாற்றி ஓட்டலாம். இல்லையென்றால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடு இரண்டாகப் பிரிந்தது.

அப்பா டீசல் பக்கம். செலவு கம்மி, பௌர்ணமிக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது அவர் கணக்கு. நானும் டீசல்தான். டீசல் கார் பஸ் மாதிரி உறுமும். பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். சித்தப்பாவோ பெட்ரோல்தான் என்றார், ஏன் என்று சொல்லவில்லை. அதுவரை அண்ணன் பேச்சைத் தட்டியறியாதவர். அதைவிட ஆச்சரியம், அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அப்பா தம்பியோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மெக்கானிக்கிடம் சொந்தமாக ஒரு டீசல் அம்பாசிடர் இருந்தது. அதை வரவழைத்து, எல்லோரும் ஏறி ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார். மெக்கானிக் ஓட்ட, முன்னால் அப்பாவும் நானும். பின்னால் அம்மா, சித்தப்பா, சித்தி. கிளம்பியதும் கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் தடதடவென்று ஆடின. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"மாமா, என்னை இங்கயே எறக்கி விட்டுடுங்க. நடந்து வந்துடறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். சித்தி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தோளை அணைத்திருந்தாள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, தானே இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்கு முன்பு சித்திக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவும் சித்தியும் முடிவு செய்திருந்தார்கள். செக்கப்புக்கு வேலூர் போக வர, ஆடாத வண்டி ஒன்று வேண்டும் என்பதுதான் சித்தப்பாவின் திடீர் கார் ஆசை. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது கல்யாணமான பிறகுதான். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வந்ததும் அப்பா மெக்கானிக்கிடம், "பழசையே போட்டுடுப்பா," என்று சொன்னதும், நான் கொட்டகையில் போய் அழுததும்தான்.

கார் தயாரானது. சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு அவமானமாக இருந்தது.

சித்திக்கு வலி கண்டது ஒரு பௌர்ணமி சாயங்காலம். கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. சித்தப்பா காரை எடுத்தார். அம்மாவும் சித்தியும் பின்னால். அப்பா காருக்கு முன்னால் நடந்து, கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டார். முன்சீட்டில் இருந்த எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

"இந்த முள்ளு சிவப்புகிட்ட போனா உடனே சொல்லு," என்றார் சித்தப்பா, இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரைத் தொட்டு.

நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் இன்ஜின் சூடேறும். பாதி வழியில் முள் சிவப்பைத் தொட, நான் சொன்னேன். சித்தப்பா வண்டியை நிறுத்தினார். அப்பா தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடி ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்து, சாக்கை நனைத்து ரேடியேட்டர் மேல் போட்டார். முள் இறங்குகிற வழியாக இல்லை. பின்னால் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். யார் எவர் என்று தெரியாத பக்தர்கள் பத்துப் பேர், வெறுங்காலோடு, காரைத் தள்ளத் தொடங்கினார்கள். கூட்டம் குறைந்த இடம் வந்ததும் சித்தப்பா சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வேங்கிக்கால் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கார் ஒருவழியாக வந்து சேர்ந்ததற்குத்தான் இவ்வளவு அழுகையும் என்று நினைத்தேன். மெல்ல அப்பாவிடம் போய், "டீசல் போட்டிருந்தா நடுவுல நின்னிருக்காது, இல்லப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, நின்னிருக்காது," என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சொன்னது சரியாகிவிட்ட மனுஷர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.